சொட்டு நின்ற ஓட்டை

என் அக்காவைக் கட்டிக்கொண்டவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவரும் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. "ஆமாப்பா, எனக்குப் பயம்தான்" என்பார், ஏதோ தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்வதுபோல. அதற்கப்புறம் கிண்டல் பண்ண என்ன இருக்கிறது?

வீட்டுக் குழாயில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், சாப்பிட்ட கையோடு எழுந்து போய்த் திருகுவார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு வாஷர் கிடக்கும். என் மகள் பிறந்தபோது பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த மனிதர், குழந்தை பக்கமே திரும்பாமல் நேராகப் போய்க் கை கழுவுகிற தொட்டியின் குழாயை இறுக்கி மூடிவிட்டுத்தான் வந்தார். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

தண்ணீரைக் கண்டால் இப்படி நடுங்குகிறவருக்கு வேலையோ தண்ணீரோடுதான். நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ளே பம்ப் பார்க்கிற வேலை. கரி வெட்டத்தான் முதலில் சேர்ந்தார். வெட்டின இடத்தைவிட மேலே அண்ணாந்து பார்த்த நேரம்தான் அதிகமாம். அப்போது இருந்த மேலாளர் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "இவன் எதுக்கும் பயப்படுறான், தண்ணிப் பக்கம் போடுங்க, அங்கயாவது உபயோகப்படும்" என்றாராம். அன்றைக்குப் போனவர்தான். ஈரத்தில் நின்று நின்று, தோளைக் குறுக்கிக்கொண்டு, ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்து ஆட்கள் அவருக்கு 'நனைஞ்ச கோழி' என்று பெயர் வைத்தார்கள். நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன், மனசுக்குள் கோழிதான்.

எனக்கு வேலை மேலே, விளக்கறையில். கீழே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தலைவிளக்கு, அதற்கு ஒரு கொக்கி, கொக்கிக்கு மேல் அவர் எண். கொக்கி காலியாக இருந்தால் ஆள் உள்ளே. விளக்கு தொங்கினால் ஆள் வெளியே. நான் படித்த படிப்புக்கு இதற்குமேல் எதுவும் புரிய வேண்டியதில்லை. அத்தானின் கொக்கிக்கு அடுத்த கொக்கி என் அக்கா மகனுடையது. அவன் முட்டு போடுகிற குழுவில் இருந்தான். வெட்டிய இடம் இடிந்து விழாமல் மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. மகனும் கீழே இறங்க ஆரம்பித்ததிலிருந்து அத்தானுடைய பயம் இரட்டிப்பானது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் சுரங்கத்துக்குப் 'பழைய பக்கம்' என்று ஒன்று உண்டு. எங்களுக்கு முந்தைய தலைமுறை வெட்டி முடித்துக் கைவிட்ட பகுதி. அது முழுக்கத் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. அதற்கும் நாங்கள் வேலை செய்கிற இடத்துக்கும் நடுவில் வெட்டாமல் விட்ட கரிச்சுவர் ஒன்றுதான் தடுப்பு. அந்தச் சுவர் எங்கே தடிமன், எங்கே மெலிசு என்று நிச்சயமாகச் சொல்ல யாருமில்லை. அதனால் சுவரில் நீளமாக ஒரு சோதனை ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் தண்ணீரின் அழுத்தம் கூடினால் ஓட்டையில் சொட்டு வேகமாக விழும். குறைந்தால் மெதுவாக விழும். அத்தான் ஒரு தகரக் குவளையைக் கீழே பிடித்து, அது நிறைகிற வரை வாய்க்குள் எண்ணி, பக்கத்தில் இருக்கிற பலகையில் சாக்பீஸால் எழுதுவார். எண்ணிக்கை குறையக் குறைய ஆபத்து. ரொம்பக் குறைந்தால், சரிவில் இறங்கிப் போகிற கீழ்ப்பக்கத்தில் கரி வெட்டுவதை நிறுத்திவிட்டு, முதலில் பழைய பக்கத்துத் தண்ணீரை இறைக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஓட்டைக்குப் பக்கத்திலேதான் டெலிபோன். ஓட்டைக்கு அடியில்தான் அத்தான் உட்காருகிற பலகை. சொட்டு கழுத்தில் விழும். தள்ளி உட்காரலாமே என்று கேட்டால், "தள்ளி உக்காந்தா அது விழுறது எனக்குத் தெரியாதே" என்பார். வீட்டுக்கு வந்ததும் அக்கா சாப்பாட்டைப் பற்றிக் கேட்கமாட்டாள். "இன்னைக்கு எப்படி விழுது?" என்றுதான் கேட்பாள். அந்தப் பையன் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் கேட்ட பேச்சு அதுதான்.

ஒருமுறை மானம் போனது. பழைய பக்கத்திலிருந்து ஏதோ பெரிய சத்தம் கேட்கிறது என்று அத்தான் டெலிபோனில் கத்த, மொத்த ஆட்களும் வேலையைப் போட்டுவிட்டு மேலே ஓடி வந்தார்கள். கடைசியில் பார்த்தால் ஒரு பம்ப்புக் குழாய் கழன்று தரையில் அடித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் சிரித்த சிரிப்பு ஒரு பக்கம். எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர், நல்ல மனிதர்தான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம், எல்லார் முன்னாலும் சொன்னார்: "அடுத்த தடவ கூப்பிடுறதா இருந்தா முழங்கால் வரைக்கும் நனைஞ்சுட்டுக் கூப்பிடுய்யா." அதற்கப்புறம் அக்கா கொஞ்ச நாள் கடைத்தெருப் பக்கமே போகவில்லை. போனால் யாராவது ஒருத்தி, "உங்க வீட்டுக்காரர் நனைஞ்சாச்சா?" என்று கேட்பாளாம்.

இந்த வருடம் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை, ஒரே பிடியாகப் பெய்தது. சொட்டு வேகம் கூடியது. அத்தான் தூக்கத்தை விட்டார். வீட்டுக்குள் நடப்பது, ஜன்னலைத் திறந்து மழையைப் பார்ப்பது, மறுபடி நடப்பது. கண் இரண்டும் உள்ளே போய்விட்டது. "இந்த ஆளு இப்படியே போனா தண்ணி வர்றதுக்கு முன்னாடி இவரு போயிடுவாரு" என்று அக்கா என்னிடம் அழுதாள். பையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஒருநாள் அத்தான் வந்து, ஓட்டை நின்றுவிட்டது என்றார். ஒரு சொட்டுகூட இல்லை, காய்ந்து கிடக்கிறது. மேலாளரும் போய்ப் பார்த்தார். பழைய பக்கத்துத் தண்ணீர் வேறு ஏதோ வழியில் வடிந்திருக்க வேண்டும் என்று முடிவானது. கீழ்ப்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் சுவரை ஒட்டி வெட்டலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். முட்டுக் குழுவும் அங்கே போனது.

அத்தான் தூங்கினார். சும்மா தூக்கம் இல்லை, குறட்டை விட்டுத் தூங்கினார். அக்கா அதைச் சொல்ல என் வீட்டுக்கு நடந்தே வந்தாள். "என்ன குறட்டைடா, காதுல பஞ்சு வைக்க வேண்டியிருக்கு" என்று அவள் குறைப்பட்டுக்கொண்ட மாதிரி யாரும் அவ்வளவு சந்தோஷமாகக் குறைப்பட்டிருக்க மாட்டார்கள். எனக்கும் மனசு லேசானது. கோழி காய்ந்துவிட்டது என்று விளக்கறையில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

இப்படிச் சில நாள் போனது. ஒரு காலையில் விளக்கு வாங்க வந்தவர், கையை நீட்டாமல் என் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பழைய பக்கத்துக்கு நேர் மேலே தரை கொஞ்சம் உள்வாங்கி, மழைத் தண்ணீர் தேங்கி ஒரு குட்டை மாதிரி இருக்கும். அதைத்தான் பார்த்தார்.

"குட்டையில தண்ணி எறங்கியிருக்கு பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். கரையைச் சுற்றி அகலமாகச் சேற்று வளையம் தெரிந்தது. "மாடு குடிச்சிருக்கும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மழை இன்னும் விடலையே. ஏற வேண்டிய தண்ணி எப்படி எறங்கும்? கீழதான் போயிருக்கணும். கீழ போயிருந்தா ஓட்டை இன்னும் வேகமா சொட்டணும். அது ஏன் காஞ்சு கெடக்கு?"

"அத்தான், சொட்டினாலும் பயம், சொட்டலைன்னாலும் பயமா? ஏதாவது ஒண்ணுல நில்லுங்க."

விளக்கை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார். அவர் கூண்டுக்குள் ஏறிப் போனபிறகு அந்தக் குட்டையை மறுபடி பார்த்தேன். அவர் கேட்ட கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. அடுத்த கொக்கி, பையனுடையது, ஏற்கெனவே காலியாக இருந்தது.

கீழே நடந்ததை அவரும் மற்றவர்களும் அப்புறம் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். அத்தான் நேராக ஓட்டைக்குப் போனார். சுரங்கத்தில் கரித்தூள் பற்றிக்கொள்ளக் கூடாது என்று சுவரெல்லாம் வெள்ளைத் தூள் அடித்திருப்பார்கள். ஓட்டையைச் சுற்றி அந்த வெள்ளை சாம்பல் நிறமாக மாறியிருந்தது. கையை வைத்துப் பார்த்தார். ஈரம். சுவர் வியர்த்திருந்தது. ஓட்டை இருந்த இடத்தில் விரலால் தூளைத் தேய்த்தார். ஓட்டையின் வாய் தெரியவில்லை. வட்டமாக மரம் தெரிந்தது. யாரோ ஒரு மரக்கட்டையைச் சீவி, ஓட்டைக்குள் அடித்து இறக்கி, அதன்மேல் வெள்ளைத் தூளைப் பூசியிருக்கிறார்கள்.

கழுத்தில் சொட்டுகிறது என்று இப்படிச் செய்கிற ஆட்கள் எங்கள் தொழிலில் உண்டு. சாப்பிடுகிற இடத்தில் ஒழுகினால் கட்டை அடித்துவிட்டுச் சாப்பிடுவார்கள். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் இந்த ஓட்டையில் அடிக்க யாருக்கும் மனசு வராது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

அத்தான் கட்டையின் மேல் விரலை வைத்தார். மரம் துடித்ததாம். அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டிருந்தது, கொஞ்சம் வெளியே வந்தும் இருந்தது. இத்தனை நாள் அந்தச் சுவரை அந்தத் தண்ணீர் அழுத்தியிருக்கிறது. இந்தப் பக்கம் நாங்கள் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

டெலிபோனைக் கையில் எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாராம். முழங்கால் வரைக்கும் நனைந்துவிட்டுக் கூப்பிடச் சொன்னது ஞாபகம் வந்ததாம். இதுவும் பொய்யாகிப் போனால் இனி யாரும் நம்பமாட்டார்கள், அக்கா தெருவில் தலைகாட்ட முடியாது. இதையெல்லாம் அந்த மனிதர் அங்கே நின்று யோசித்திருக்கிறார். பயந்தாங்கொள்ளிக்குத் தண்ணீர் மட்டுமா பயம்?

அப்புறம் கூப்பிட்டார். சூப்பர்வைசர் என்னிடம் பின்னால் சொன்னார்: "எப்பவும் போல கத்தியிருந்தா 'சரி சரி, பாக்குறேன்'னு வெச்சிருப்பேன். ஆனா அன்னைக்கு மெதுவாப் பேசினாருப்பா. 'ஓட்டையில கட்ட அடிச்சிருக்கு சார், எல்லாரையும் ஏத்திருங்க'ன்னாரு. அவ்வளவுதான்." அடுத்த நொடியே சங்கு ஊதச் சொல்லிவிட்டார்.

கீழ்ப்பக்கத்துக்கு மட்டும் தகவல் போகவில்லை. அங்கே டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது, வெட்டு இயந்திரத்தின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சங்குச் சத்தம் அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. யாராவது இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும். அத்தான் இத்தனை வருட வேலையில் கீழ்ப்பக்கம் போனதே கிடையாது. அந்தச் சரிவைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்வார். அன்றைக்கு அவர்தான் போனார். கூரை தாழ்ந்து, குனிந்து நடக்க வேண்டிய சரிவு. தண்ணீர் வந்தால் முதலில் நிரம்புகிற இடம் அது என்று அந்தச் சுரங்கத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. பாதி வழியிலேயே காலடியில் தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது.

என் அக்கா மகன் முட்டுக்கு மரம் நிறுத்திக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து சட்டையை யாரோ பிடித்து இழுக்கத் திரும்பினால், அப்பா. அந்த இடத்தில் அப்பாவைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஓட்டையாப்பா?" என்று கேட்டிருக்கிறான்.

"ஓடுறா. ஒண்ணும் கேக்காத."

மேலே நான் விளக்குகளை வாங்கி வாங்கி மாட்டிக்கொண்டிருந்தேன். கூண்டு ஒவ்வொரு தடவை வரும்போதும் முகங்களைப் பார்ப்பேன், பிறகு கொக்கிகளைப் பார்ப்பேன். கொக்கிப் பலகை நிறைந்துகொண்டே வந்தது. ஆட்கள் விளக்கைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றார்கள். சங்குச் சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்துவிட்டாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. என் ஜன்னலில் நின்றாள். அவள் கண் நேராகப் பலகைக்குப் போனது. எந்தக் கொக்கி யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அந்த இரண்டும் காலியாக இருந்தன. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. விளக்குத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

கீழ்ப்பக்கத்து ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு பையனும் வந்தான். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா எங்கடா?" என்றாள்.

"பின்னாடி வர்றாரு. எல்லாரும் ஏறிட்டாங்களான்னு பாத்துட்டு வர்றேன்னாரு."

"நீ ஏன் விட்டுட்டு வந்தே?"

கூண்டு மறுபடி இறங்கியது. அது இறங்கியபிறகு ஒன்றும் நடக்கவில்லை. இழுப்புக் கம்பி அசையாமல் நின்றது. நான் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. காலையில் மாடு குடித்திருக்கும் என்று சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கம்பி அசைந்தது. கூண்டு ஏறத் தொடங்கிய அதே நேரம் குழிக்குள்ளிருந்து காற்று வந்தது. அழுகின வாடையோடு, கரித்தூளை வாரிக்கொண்டு, நின்றவர்களின் தொப்பியைத் தள்ளிக்கொண்டு வந்தது. கீழே தண்ணீர் நிறைய நிறைய, இருந்த காற்றெல்லாம் மேலே ஓடி வருகிறது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கூண்டு வந்து நின்றது. அத்தான் மட்டும் இருந்தார். கதவைத் திறந்துவிட்டும் இறங்கவில்லை. இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அத்தானின் கால்சட்டை முழங்காலுக்கு மேலே வரைக்கும் நனைந்திருந்தது. அதைப் பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விளக்கறைக்குள் அவரை உட்கார வைத்து டீ கொடுத்தேன். அக்கா அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பையன் கதவோரம் நின்றான். உள்ளே வரவில்லை.

"அந்தக் கட்டைய நான்தாம்பா அடிச்சேன்" என்றான்.

அக்காவின் கை நின்றுவிட்டது.

"நீங்க தூங்கவே மாட்டேன்னீங்க. அம்மா அழுதுட்டே இருந்தா. சொட்டு நின்னா நிம்மதியா தூங்குவீங்கன்னு நெனச்சேன். முட்டுமரத்துல மிச்சம் இருந்த துண்டுதான். ரெண்டு நாள்ல எடுத்துடலாம்னுதான் இருந்தேன். நீங்க தூங்கினதப் பாத்ததும் எடுக்க மனசு வரல."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை நாலு அறை அறைந்திருப்பேன். எத்தனை பேர் இறங்கிய குழி அது. ஆனால் அத்தான் அவனைத் திட்டவில்லை.

"தூங்கினேன்டா" என்றார். "நல்லாத்தான் தூங்கினேன்."

அப்போதுதான் அவர் அழுதார்.

பையன் தானாகவே போய் மேலாளரிடம் சொன்னான். கீழே இறங்குகிற வேலையிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள். இப்போது மரக்கிடங்கில் இருக்கிறான். கீழ்ப்பக்கம் முழுகிப்போனது, இன்றுவரை இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தானை இப்போது யாரும் கோழி என்று கூப்பிடுவதில்லை. அவருக்கு அது ஒரு சந்தோஷமாகவும் தெரியவில்லை.

ஆனால் அந்த வீட்டுக்குப் போனால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஊர்க் குழாயையெல்லாம் மூடிக்கொண்டு திரிந்த மனிதர், இப்போது தன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற குழாயைக் கொஞ்சமாகத் திறந்து விட்டுவிட்டு, கீழே ஒரு தகரக் குவளையை வைத்துவிட்டுத்தான் படுக்கிறார். சொட்டுச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருகிறது. போன வாரம் மத்தியானம் நான் போயிருந்தபோது அத்தான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார், பையன் கூடத்தில் பாயில் படுத்திருந்தான். நானும் அக்காவும் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் கூப்பிடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அப்பாவும் மகனும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். பையன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. குழாய் நின்றுபோயிருந்தது.

"மேல தொட்டி காலியாயிடுச்சுப்பா, மோட்டார் போடணும், அவ்வளவுதான்" என்றாள். "போய்ப் படுங்க."

இருவரும் அசையவில்லை. அக்கா போய் மோட்டாரைப் போட்டாள். தொட்டி நிறைந்து, குவளையில் முதல் சொட்டு விழுகிற வரைக்கும் நாங்கள் நான்கு பேரும் வாசலிலேயே நின்றோம். என் காலிலும் செருப்பு இருந்தது. எப்போது போட்டேன் என்று எனக்கு நினைவில்லை.